ராஜகுமார் அண்ணன் பசுவைக் கொடுத்தது ஏன்?

பக்கத்து வீட்டு ராஜகுமார் தன் கறவைப் பசுவைக் கொண்டுவந்து சுபிதா வீட்டுத் தென்னையில் கட்டினார். "நீயே வச்சுக்கோ மக்கா. தீனி தவறாமப் போடு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சுபிதாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எதையும் தோண்டித் துருவிக் கேட்கிறவள் என்று ஆரல்வாய்மொழியில் அவளுக்குப் பெயர். அவளுடைய சொந்த அண்ணன் நல்ல விலை சொல்லியும் ராஜகுமார் கொடுக்காத பசு. இப்போது சும்மா கொடுப்பானேன்? வெளிநாட்டுக்குப் போகிறாரா? மனைவி அஜிதாவையும் பிள்ளையையும் திருவட்டாற்றில் அவள் அம்மா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டிருந்தார். பள்ளிக்கூடம் நடக்கும்போது யாராவது அனுப்புவார்களா?

கேட்காமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அவருடைய வாழைத்தோட்டத்துக்கே போனாள். ஆடிக்காற்றில் முறிந்த ஏத்தன் வாழைகள் குலையோடு கிடந்தன. நடுவில் ராஜகுமார் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, எங்க போறிய?"

"எங்கயும் இல்ல."

"பின்ன பசு எதுக்கு? அஜிதா மைனிய எதுக்கு அனுப்புனிய?"

ராஜகுமார் ஒரு காய்ந்த இலையைக் கிழித்துப் போட்டார். பசு, அஜிதா, பிள்ளை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததும் அவளுக்கு வேறொன்று தோன்றியது. இதைக் கேட்கலாமா? கேட்டே விட்டாள்.

"சாவணும்னு நெனைக்கியளா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதான் கேக்கேன்."

அதற்குப் பிறகு அவராகவே பேசினார். தோட்டம் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தது. பட்டா வேறொருவர் பெயரில் இருந்ததால் அரசு நிவாரணம் கிடையாது என்றுவிட்டார்கள். வாழை வைக்கக் கடன் கொடுத்த வட்டிக்காரன் சந்தையில் எல்லார் முன்னாலும் சட்டையைப் பிடித்தான். "அதுக்குப் பொறவு உறக்கமே இல்ல. யாருகிட்ட சொல்ல?"

"மைனிகிட்ட சொன்னியளா?"

"இல்ல."

சுபிதா அங்கேயே அஜிதாவுக்கு போன் போட்டு அவர் கையில் கொடுத்தாள். அஜிதா தன் தம்பி கிருஷ்ணமணியோடு வந்து சேரும்வரை அவரைத் தனியே விடவில்லை. மறுநாள் அஜிதா அவரை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

நிவாரண மனுவில் நிலத்துக்காரர் இழுத்தடித்துத்தான் கையெழுத்துப் போட்டார். நிவாரணம் கொஞ்சம்தான் வந்தது. வட்டிக்காரன் மறுபடி வந்தபோது கிருஷ்ணமணி முன்னால் நின்று தவணை பேசி அனுப்பினான். பாதி நிலத்தில் மரச்சீனிக் கிழங்கு நட்டார்கள்.

இப்போதும் சில நாட்களில் ராஜகுமார் எழுந்திருக்காமல் படுத்துக் கிடப்பார். அஜிதா மதிலுக்கு அப்பால் பார்த்துக் கூப்பிடுவாள். சுபிதா வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, "மரச்சீனி என்ன வெல போகுது அண்ணே?" என்று ஆரம்பிப்பாள். அவருக்குத் தெரியாது. அவள் விடமாட்டாள். விசாரித்துச் சொல்வதற்காகவாவது எழுந்து, முகம் கழுவி, சந்தைப் பக்கம் போவார்.