கூட்டல் இரண்டு

வீட்டு முன்னறையில் டியூஷன் எடுக்கும் அப்பாவுக்கு மாணவர்கள் வைத்த பெயர் கட்டை ஸ்கேல். கோடு போட வாங்கிய அந்த மர ஸ்கேல், பலகையைவிட முதுகுகளைத்தான் அதிகம் பார்த்திருந்தது. மனுஷன் கணக்கைக் கரைத்துக் குடித்தவர்தான். பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அடுத்தவர் பிள்ளைக்கு ஓர் அடி என்றால் பெற்ற பிள்ளைக்கு இரண்டு.

முந்தின நாள் அவர் கன்னத்தில் விட்ட அறையில் இளைய மகள் குட்டியின் உதடு கிழிந்திருந்தது. அதற்கு மருந்து தடவும்போதே பெரியவள் முடிவு செய்துவிட்டாள். இனி தங்கைமேல் ஓர் அடி விழக் கூடாது.

அன்றைக்கு லாக் வரைபடம். நிமிர்ந்து நிற்கும் y அச்சை அப்பா ஸ்கேலால் தட்டினார்.

"இது சுவர். லாக் கோடு இதுக்கு வலது பக்கம்தான் இருக்கும். படுக்கை அச்சை ஒண்ணுல வெட்டி, மெதுவா மேல ஏறும். கீழ இறங்க இறங்கச் சுவரை நெருங்கும். ஆனா செத்தாலும் தொடாது. தொட்ட மாதிரி எவனாவது வரைஞ்சா தோலை உரிச்சிடுவேன்."

பிறகு பலகையில் எழுதினார்: y = log₂(x + 2). "குட்டி, வா. வரை."

குட்டியின் கோடு −1-இல் படுக்கை அச்சை வெட்டி, y அச்சைத் தாண்டி மேலே போனது. சரியான விடை. உள்ளே இரண்டைக் கூட்டினால் கோடும் சுவரும் சேர்ந்தே இரண்டு கட்டம் இடப்பக்கம் நகர்ந்துவிடும். அப்புறம் y அச்சைத் தாராளமாகத் தாண்டலாம்.

கோடு தாண்டியதை மட்டும்தான் அப்பா பார்த்தார். பெரியவள் எழுந்து ஓடி வருவதற்குள், சாக்பீஸ் பிடித்த விரல்களில் ஸ்கேல் விழுந்துவிட்டது. மளுக்கென்ற சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

"அப்பா! கூட்டல் ரெண்டு இருக்குப்பா! சுவர் மைனஸ் ரெண்டுக்குப் போயிடுச்சு. அவ சரியாத்தான் போட்டிருக்கா!"

அப்பா பலகையைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. அந்த மகானுபாவர் என்ன செய்தார் தெரியுமா? உள்ளங்கையால் "+ 2"-ஐ அழித்தார்.

"இப்ப தப்புதானே?" என்று மறுபடி ஸ்கேலை ஓங்கினார்.

பெரியவள் அதைப் பிடுங்கினாள். முதல் அடி அவர் முழங்கையில், அடுத்தது தோளில். அவர் பின்னால் இருந்த நாற்காலியில் மோதி, அதோடு சரிந்து, "ஐயோ, வேணாம்மா" என்று முகத்தை மூடிக்கொண்டார். தங்கைக்காகத்தான் அடிக்கத் தொடங்கினாள். ஆனால் அந்தக் கெஞ்சல் அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னொரு தரம் கேட்க வேண்டும்போல இருந்தது. மண்டையில் அடித்தாள். ரத்தம் வழிந்து, அவர் கெஞ்சவும் திராணியில்லாமல் முனகியபோதும் அடித்தாள்.

மாணவர்கள் புத்தகங்களைக்கூட எடுக்காமல் ஓடிப்போயிருந்தார்கள். பெரியவள் மூச்சு வாங்கத் திரும்பினாள்.

"இனிமே உன்னை யாரும் தொட மாட்டாங்கடி. கையைக் காட்டு, பாக்கறேன்."

குட்டி மேசைக்கடியில் ஒடுங்கினாள். ஒடிந்த விரல்களால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"திரும்ப வரைஞ்சிடறேன்க்கா," என்றாள். "அடிக்காதக்கா."