பாபு வீட்டு இரட்டைப் படம்

துர்கா பூஜை சமயத்தில் முருகானந்தத்தின் வலது கண் அவிந்துபோனது. மனைவி தமயந்திக்கு மட்டும்தான் தெரியும். கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். விஷயம் வெளியே போனால் அன்றைக்கே கீழே இறக்கிவிடுவார்கள். ஒரு கண்ணே போதும் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி நம்பியும்விட்டான். மனுஷன் எதைத்தான் நம்பமாட்டான்!

அந்த ஞாயிறு சாயங்காலம் அவர்களை டாலிகஞ்சுக்கு, பாபு வீட்டுக்கு, விடாப்பிடியாக இழுத்துப்போனவன் வேலாயுதம். கிரேனுக்குக் கீழே நின்று கையசைத்துச் சரக்கை இறக்கவைப்பது அவன் வேலை. இருவருக்கும் சிநேகிதனான பாபுவுக்கு ஸ்டீரியோ ஸ்லைடு பைத்தியம். இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என்று இரட்டையாக எடுத்த படங்களை இரண்டு புரொஜெக்டரில் ஒரே திரையில் போடுவான். அதற்கான கண்ணாடியை மாட்டிக்கொண்டால் மரமும் மனிதரும் திரையை விட்டு எழுந்து வருவார்கள். இரண்டு கண்ணும் உள்ளவர்களுக்கு.

முருகானந்தம் தட்டிக்கழிக்கத்தான் பார்த்தான். வரவில்லை என்றால் ஏன், எதற்கு என்று குடைவார்கள். தமயந்திதான் வழி சொன்னாள்: படம் முன்னால் வரும்போது அவள் அவன் கையை அழுத்துவாள், அவன் வியக்க வேண்டும்.

விளக்கை அணைத்தார்கள். ஏரிக்கரை மரக்கிளை ஒன்று வந்தது. கையில் அழுத்தம். அடேயப்பா என்று பின்னால் சாய்ந்தான். படகுத் துடுப்பு வந்தது, மறுபடி அழுத்தம். வேலாயுதத்தைவிட ஒரு படி அதிகமாகவே குனிந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஸ்லைடைப் பாபு இடம் வலம் மாற்றிச் செருகிவிட்டான். கிட்டே இருக்க வேண்டியது தூரப் போய், தூரத்தில் இருந்தது கிட்டே வந்து, எல்லாருக்கும் கண்ணைப் பிடுங்கியது. தமயந்திக்குத் தலை சுற்றியது. சட்டென்று புருஷன் கையைப் பற்றினாள்.

“ஆகா, கைக்கே வருது பாரு” என்று அவன் திரையை நோக்கிக் கையை நீட்டினான்.

திரும்பிப் பார்த்தால், அத்தனை பேரும் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்கள்.

பாபு தன் தப்புக்குச் சிரித்துக்கொண்டே விளக்கைப் போட்டான். வேலாயுதம் சிரிக்கவில்லை. எழுந்து வந்து முருகானந்தத்தின் கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணை உள்ளங்கையால் மூடினான்.

“என்னைத் தெரியுதா?”

தெரியுது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பக்கத்தில் தமயந்தி விசும்புவது கேட்டது.

“தெரியலடா.”

வேலாயுதம் கையை எடுத்தான். “போன வாரம் சணல் மூட்டை என் தலையை உரசிட்டுப் போச்சு. காத்துன்னு சொன்ன. என் வீட்டுக்காரி நம்பல. அவகிட்ட சண்டை போட்டு உன் பக்கம் பேசினேன்.”

நாளைக்கு கிரேன் ஏறமாட்டேன் என்றான் முருகானந்தம். வேலாயுதம் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகவே கிளம்பினான்.