எதிர்வீட்டுக் கண்ணாடி

அந்தக் காலனிக்குக் குடிபோயே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது கண்ணாடிக்காரிதான், அவள் புருஷன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், பாவம், யாரோ அவளை ஊருக்கு வெளியே கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள் என்று நீங்கள் அவளுக்காக உச்சுக் கொட்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.

நகரத்தின் நடுவில், மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் அவளுக்கு லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற வேலை. அதனால்தான் அந்தப் பெயர். கடைக்கு நடந்துபோகிற தூரத்தில் நாலாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, அதில் மூன்று பேர். கீழ்வீட்டுக்காரருக்குக் காது ரொம்பக் கூர்மை. மேலே குழந்தை இரண்டு எட்டு வைத்தால் போதும், துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். அந்தப் பெண் குழந்தை நடக்கப் பழகியதே நுனிக்காலில்தான். குதிகால் தரையில் படாமல் பூனை மாதிரி போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடிக்காரிக்கு நெஞ்சை அடைக்கும்.

"பாப்பா ஓடணும்ங்க. சத்தம் போட்டு ஓடணும்."

"ஓடட்டும், யாரு வேணாம்னா? அதுக்கு ஊரைவிட்டே ஓடணுமா?" என்பான் புருஷன். சமையலறை அலமாரிகளுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைகிறவன் அவன். எங்கே உட்கார்ந்தாலும் அவன் வேலை நடக்கும். ஆனாலும் வரமாட்டேன் என்றான். "அங்க போய் நான் யார்கூடப் பேசுறது? செவுத்துகூடவா?"

கெஞ்சினாள், கொஞ்சினாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள், கடைசியில் பேச்சையே நிறுத்தினாள். அவன் வழிக்கு வந்தான். ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகள் இரண்டு பக்கமும் நிற்கிற ஒரு தெருவில், மாடியோடு சின்னதாக ஒரு வீடு கிடைத்தது. வாசலுக்கு முன்னால் படிகள், தெருக்கோடியில் புல்தரை.

நடந்ததைக் கேளுங்கள். வீடு வேண்டும் என்றவள் பஸ்ஸில் இருந்தாள். வேண்டாம் என்றவன் வீட்டில் இருந்தான். குழந்தை எழுந்திருக்கும் முன்பே கிளம்பினால் விளக்கு போட்ட பிறகுதான் திரும்புவாள். செவுத்துகூடப் பேசுவதா என்று கேட்டவனுக்கு அங்கே பேசி மாளவில்லை. தெருவில் பாதிப் பேருக்கு அவன் அண்ணன் ஆகிவிட்டான், மீதிப் பேருக்கு மாப்பிள்ளை. கண்ணாடிக்காரிக்கு அந்தத் தெருவில் தனியாகப் பெயர் எதுவும் இல்லை. பாப்பாவோட அம்மா, அவ்வளவுதான்.

எதிர்வீட்டில் ஒரு பெண். ஆர்டர் பிடித்து வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். அவள் கணவனுக்குக் கப்பலில் வேலை, எப்போதாவதுதான் வருவான். இவனை அவள் அண்ணா என்று கூப்பிட்டாள். அண்ணாவின் தங்கை பாப்பாவுக்கு அத்தை அல்லவா? கேக் செய்கிற அத்தை, கேக்கத்தை. பாப்பா வைத்த பெயர்தான், தெரு முழுக்க நிலைத்துவிட்டது. கண்ணாடிக்காரியை அவள் வாய் நிறைய அண்ணி என்பாள்.

புருஷன் மேல் கண்ணாடிக்காரிக்குச் சந்தேகம் கிடையாது. அதற்கெல்லாம் அவனுக்குத் துப்புப் போதாது என்பது அவள் முடிவு. அவளுக்கு வயிறு எரிந்தது வேறு விஷயத்துக்கு. ஒருநாள் கடையில் கை வேலையாக இருக்கும்போது போனில் ஒரு வீடியோ வந்தது. புல்தரையில் பாப்பா ஓடுகிறாள். நுனிக்காலில் இல்லை, முழுப் பாதமும் தரையில் அறைய, திமுதிமுவென்று ஓடுகிறாள். பின்னால் ஒரு பெண் குரல், "ஓடு கண்ணு, ஓடு, அத்தை பிடிக்கப் போறேன்!" என்று கத்துகிறது. பாப்பா ஓடிப்போய் அந்தக் குரலின் மேல் விழுந்ததும் வீடியோ முடிந்துவிடுகிறது.

எதற்காக அவள் வீடு மாறினாளோ அது நடந்துவிட்டது. அவள் இல்லாமல் நடந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, முயற்சியும் செய்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த கடைப் பெண்ணிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள்.

இப்படி உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் கேக்கத்தையின் கண்ணாடி உடைந்தது.

"எனக்குப் பவர் ஜாஸ்தி, அண்ணி. கண்ணாடி இல்லேன்னா சர்க்கரை எது, உப்பு எதுன்னு நக்கிப் பாத்துத்தான் தெரியுது. நீங்களே செஞ்சு குடுத்துடுங்களேன்" என்று ஒரு சாயங்காலம் டாக்டர் சீட்டோடு வந்து நின்றாள்.

சாப்பாட்டு மேசையில் அவளை உட்காரவைத்து, கொண்டுவந்திருந்த பிரேமை மாட்டிவிட்டு, எதிரில் அதே மட்டத்துக்குக் குனிந்து, கண்மணி எங்கே நிற்கிறதோ அங்கே பேனாவால் புள்ளி வைத்தாள் கண்ணாடிக்காரி. இந்த வேலையில் புள்ளிதான் எல்லாம். லென்ஸின் சென்டர் அந்தப் புள்ளியில் உட்கார வேண்டும். கொஞ்சம் ஏறினாலோ இறங்கினாலோ இரண்டு கண்ணும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும், மண்டை இடிக்கும். பாப்பா வழக்கம்போல அத்தையின் மடியில் ஏறிக்கொண்டு அம்மாவின் பேனாவை வேடிக்கை பார்த்தாள்.

அடுப்படியிலிருந்து புருஷன் குரல் கொடுத்தான். "உனக்குத் தெரியாதுல்ல? நேத்து சாயங்காலம் எங்க தெருவுல கரண்ட் போயிடுச்சு. நாங்க எல்லாரும் வெளிய வந்து ஒரே கூத்து!"

"ஆமாம்மா, நாங்க டார்ச் அடிச்சோம்!" என்றாள் பாப்பா. நாங்க என்றபோது தன் நெஞ்சைத் தொட்டாள், அத்தையின் கன்னத்தைத் தொட்டாள், அப்பா இருந்த பக்கம் கையை நீட்டினாள். கணக்கு அதோடு முடிந்துவிட்டது.

நம்ம தெரு என்று சொல்லியிருக்கலாம். நம்ம என்றால் கேட்கிறவளும் உள்ளே. எங்க என்றால் கேட்கிறவள் வெளியே. வழி கேட்டு வந்து நிற்கிற ஆளிடம் எங்க தெரு என்று சொல்லலாம். கட்டின பெண்டாட்டியிடமா சொல்வார்கள்? அதுவும் மல்லுக்கட்டி இந்தத் தெருவுக்கு எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்தவளிடம்? அவன் வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் தானாக வந்தது. தானாக வந்ததால்தான் அவளுக்கு அடிவயிற்றில் பற்றிக்கொண்டது.

"அவ்வளவுதான், அளவு எடுத்தாச்சு" என்று சிரித்தாள். புள்ளிகளைச் சரியாகத்தான் வைத்திருந்தாள்.

மறுநாள் கடையில், லென்ஸைப் பவர் பார்க்கிற மிஷினில் வைத்து சென்டர் பார்த்து மை புள்ளி வைத்தாள். இடது கண் லென்ஸைச் சரியாகப் பொருத்தினாள். வலது கண் லென்ஸை எடுத்தாள். அதை வெட்டுகிற மிஷினில் பிடித்து வைக்கிற ரப்பர் குப்பியைப் புள்ளிக்கு நேராக ஒட்ட வேண்டும். நேற்றுக் கேட்ட 'நாங்க' காதிலேயே நின்றது. குப்பியை மூன்று மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினாள். கை நழுவிவிட்டது என்று யாரிடமாவது சொல்லலாம். அவளிடமே அவள் சொல்லிக்கொள்ள முடியாது, அந்தக் கை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நழுவியதில்லை. மிஷின் சுற்றியது. லென்ஸ் பிரேமில் கச்சிதமாக உட்கார்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

கேக்கத்தை அதை மாட்டிக்கொண்டு, "அய்யோ, அண்ணி, அழகா இருக்கு!" என்றாள். காசு வாங்கமாட்டேன் என்றாள் கண்ணாடிக்காரி. அந்தப் பெருந்தன்மை வேறு!

பிறகு நடந்ததெல்லாம் அவள் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக நடந்தது. எதிர்வீட்டுக்காரிக்குத் தலைவலி வந்தது. புதுக்கண்ணாடி, பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். தரை கிட்டே வருகிறது, தள்ளிப் போகிறது என்றாள். சாயங்காலத்தில் கதவைச் சாத்திப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். கண்ணாடிக்காரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் பாப்பா எதிர்வீட்டில் இல்லை, தன் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்காக நின்றாள். வாசலிலேயே மேலே பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடிக்காரிக்கு உச்சி குளிர்ந்தது. கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டாள். அந்த வாரம் அவள் பஸ்ஸில் தூங்கக்கூட இல்லை, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

"பாவம் அந்தப் பொண்ணு" என்றான் புருஷன் ஒருநாள். "ரெண்டு ஆர்டர் கெட்டுப்போச்சாம். கேக் மேல எழுதுற பேரெல்லாம் கோணலா வருதாம்."

அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, "கண்ணாடி சரியில்லைங்கிறாளா?" என்றாள்.

"அவளா? அண்ணி ஆசையா செஞ்சு குடுத்தது, என் கண்ணுலதான் ஏதோ கோளாறுங்கிறா. நானும் அதைத்தான் சொன்னேன். உன் கையில தப்பு வராதே. நல்ல டாக்டரா பாரும்மான்னு சொல்லி அனுப்பினேன்."

 தட்டு ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது, மறுபடி தேய்த்தாள்.

லீவு நாள் வந்தது. காலையில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கேக்கத்தை கேக் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். ஒரு காலை முன்னால் நீட்டி, படி எங்கே இருக்கிறது என்று துழாவினாள். தட்டுப்படவில்லை. காலை இழுத்துக்கொண்டாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

பாப்பா தெருவைத் தாண்டி ஓடிப்போய் இரண்டு கையையும் தூக்கினாள். "தூக்கு!"

"வேணாம் கண்ணு. அத்தைக்குத் தலை சுத்துது, உன்னைக் கீழ போட்டுடுவேன்."

பாப்பா கையை இறக்கவில்லை.  சின்னக் குரலில் கேட்டாள். "என் மேல கோவமா? நான் என்ன தப்பு பண்ணேன்?"

அதைக் கண்ணாடிக்காரியால் தாங்க முடியவில்லை. எதிர்வீட்டுக்காரிக்குத் தலை வலித்தபோது வராத குற்ற உணர்ச்சி, குழந்தையின் முகம் சுருங்கியபோதுதான் வந்தது. அவள் அப்படிப்பட்டவள், நான் என்ன செய்ய? விறுவிறுவென்று போய், கேக்கத்தையின் மூக்கிலிருந்து கண்ணாடியைத் தானே கழற்றினாள்.

"சரி பண்ணித் தரேன்."

மறுநாள் புது லென்ஸ் போட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குப்பியை ஒட்டினாள். சரிபார்த்தாள், மறுபடியும் சரிபார்த்தாள். முதலாளியிடம் பெர்மிஷன் கேட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். கூடவே ஓடிவந்த பாப்பா இவள் காலடியில் இடித்துக்கொண்டு முன்னால் நுழைந்தாள்.

கேக்கத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தரையைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், எதிரே கண்ணாடிக்காரி வீட்டு மாடி ஜன்னலைப் பார்த்தாள். முகம் மலர்ந்துபோயிற்று. "அண்ணி! என்ன மாயம் பண்ணீங்க?"

அதோடு விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மாயம் என்று அவள் சொன்னதை வாங்கிக்கொள்ளக் கண்ணாடிக்காரிக்கு மனம் வரவில்லை.

"மாயம் இல்ல. மொதல்ல செஞ்சது தப்பு. தெரிஞ்சேதான் பண்ணேன்."

"என்னது?"

"வலது கண்ணு சென்டரைத் தள்ளி வெச்சேன். வேணும்னே."

கேக்கத்தைக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. நெற்றிப்பொட்டுக்குப் போன கை அங்கேயே நின்றது. எத்தனை நாள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாளோ!

"ஏன்?"

"பாப்பா உங்ககிட்ட ஓடி வர்றது எனக்குப் பொறுக்கல."

"வாயைத் தொறந்து சொல்லியிருந்தா நான் ஒதுங்கியிருப்பேனே."

"ஒதுங்கிட்டா அவ அழுவா. அதையும் என்னால பாக்க முடியாது." சொல்லும்போதே அது எவ்வளவு அநியாயமாக இருக்கிறது என்று கண்ணாடிக்காரிக்கே தெரிந்தது. "எனக்கு என்னதான் வேணும்னு எனக்கே தெரியல."

 கேக்கத்தை கோபத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாப்பாவுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது? புதுக்கண்ணாடியைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "தூக்கு! தூக்கு!" என்று குதித்தாள். கேக்கத்தை குனிந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாப்பா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள் கேக்கத்தை. இந்தத் தடவை அண்ணி என்று கூப்பிடவில்லை. "உங்க பொண்ணை இறக்கி விடட்டுமா, புல்தரைக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

கேள்வி நியாயமானது. இறக்கி விடுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிர்வீட்டுக் கதவு இனி இந்தக் குழந்தைக்குத் திறக்காது. அதைச் சொல்லத்தான் நாக்கு துடித்தது. பாப்பாவின் கை அந்தக் கழுத்தில் எவ்வளவு இறுக்கமாகக் கிடக்கிறது என்று பார்த்தாள். வயிறு எரிந்தது. முன்பைவிட அதிகமாகவே எரிந்தது.

"கூட்டிட்டுப் போங்க" என்றாள். "இருட்டுறதுக்குள்ள வந்துடுங்க."

கேக்கத்தை தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே போனாள். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூடக் கீழே குனிந்து பார்க்காமல், மளமளவென்று படியிறங்கினாள்.