இரண்டாம் பானை

மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஞானகுமாரிக்குக் காற்று வந்துவிடும். நிஜக் காற்று அல்ல. ஆவடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை வீட்டுக்குள் எந்தக் காற்று வரும்? சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்துக் கண்ணை மூடினால், பச்சை நிற டேபிள் ஃபேன் ஒன்று கால்மாட்டில் வந்து நிற்கும். இந்தப் பக்கம் ஒருதரம் பார்க்கும், அந்தப் பக்கம் ஒருதரம் பார்க்கும். பருத்திப்பட்டு ஏரிக்கரைக் காற்று மொத்தமும் அவள் புடவைத் தலைப்புக்குள் புகுந்துகொள்ளும். அந்த ஃபேனுக்காகத்தான் அவள் இரண்டாம் பானை வைத்தாள்.

முதல் பானை கர்த்தருடையது. அவர்கள் சபைப் பெண்கள் எல்லோரும் உலை வைக்குமுன், அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்கள். அறுப்பின் பண்டிகைக்கு அந்தப் பானை கோயிலுக்குப் போகும். ஒருநாள், ஒரு பிடி போட்ட கை தானாகவே திரும்பி வந்து இன்னொரு பிடியும் எடுத்தது. சின்னப் பிடிதான். கர்த்தர் கோபித்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். பானை நிரம்பினால் தெருமுனையில் இட்லி சுடும் எல்லம்மா அரிசியை வாங்கிக்கொள்வாள். வந்த காசைத் துணியில் முடிந்து அதே பானையின் அடியில் போட்டு, மேலே மறுபடியும் அரிசி சேர்ப்பாள்.

புருஷன் ஜேசுராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். தங்கமான மனுஷன், ஆனால் ஓட்டைக் கை. யார் வந்து தலையைச் சொறிந்தாலும் சட்டைப் பையைக் கவிழ்த்துவிடுவான். அதனால்தான் இந்த ஒளிவுமறைவு. எதற்கு இரண்டு பானை என்று அவன் ஒருதரம் கேட்டபோது, இரண்டும் கோயிலுக்குத்தான் என்று சொல்லிவைத்தாள். கடைசியில் அந்தப் பொய்தான் அவள் காலை வாரியது.

பண்டிகையன்று தோரணம் கட்டுவதற்காக அவள் முதல் பானையோடு காலையிலேயே போய்விட்டாள். பின்னால் கிளம்பிய ஜேசுராஜ், ஒன்றை மறந்துவிட்டாள் பாவம் என்று, இரண்டாம் பானையைச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துவந்து படைத்தும்விட்டான்.

ஆராதனை முடிந்ததும் ஏலம். படைத்த பூசணி, சேவல், கரும்பு எல்லாவற்றையும் சபையாரே ஏலத்தில் எடுப்பார்கள். மூப்பர் தேவராஜ் பெஞ்சின் மேல் ஏறி நின்று ஒரு பானையைத் தூக்கிக் காட்டினார். கழுத்தில் அவளே விரிசலை அடைத்த சுண்ணாம்புக் கோடு. ஞானகுமாரிக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

என்னுடையது என்று சொல்லிவிடலாம்தான். சொன்னால், கர்த்தர் பெயரைச் சொல்லித் தனக்குச் சேர்த்தவள் என்று சபை முழுக்கச் சிரிக்கும். பேசாமல் விரலைத் தூக்கினாள். ஆண்கள் பக்கமிருந்தும் ஒரு விரல் எழுந்தது. நடுவில் கரும்புக்கட்டுகள் ஆளுயரத்துக்கு நின்றதால் அந்தப் பாவி யாரென்று தெரியவில்லை. ஐந்து, பத்து, இருபது. பெஞ்சின் மேல் நின்ற தேவராஜுக்கு இரண்டு முகமும் நன்றாகவே தெரிந்தது. கர்த்தருக்கு வருமானம் வரும்போது அவர் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்?

பானைக்குள் இருந்ததே முப்பத்தெட்டு ரூபாய் சொச்சம். ஆண்கள் பக்கம் முப்பத்தாறு என்று கேட்டதும் ஞானகுமாரி கையை இறக்கிவிட்டாள். அதற்குமேல் கேட்டால் பானை கிடைத்தும் பிரயோஜனமில்லை. இரண்டு வருஷக் காற்று ஒரே மூச்சில் நின்றுபோனது.

அப்போது கரும்புக்கட்டைச் சுற்றிக்கொண்டு, தோளில் பானையோடு, பல்லெல்லாம் தெரிய ஜேசுராஜ் வந்தான்.

"எவளோ ஒருத்தி வுடாம ஏத்திகினே போனாமே. எம் பொண்டாட்டி புடிச்ச அரிசிய எவளுக்கோ வுட்ருவனா நானு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன், பணத்தைச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியம் சொல்லிக்கொண்டே வந்தான். கதவைச் சாத்தியதும் அவள் கையை முழங்கை வரை பானைக்குள் விட்டு, முடிச்சை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"அந்த எவளோ ஒருத்தி நாந்தாங்க" என்று தொடங்கி, ஃபேன் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள்.

கோயிலுக்குக் கட்டவேண்டியதை அவளே எடுத்துத் தனியாக வைத்தாள். மிஞ்சியது கொஞ்சம் சில்லறைதான். ஜேசுராஜ் அந்தச் சில்லறையை எண்ணித் துணியில் திரும்ப முடிந்தான்.

"இன்னா கலரு?" என்றான்.

"பச்சை."

ஏலத்தில் எடுத்த அரிசியிலேயே அன்றைக்கு உலை வைத்தாள். கர்த்தருக்கு ஒரு பிடி போட்டபின் அவள் கை தயங்கியது. பின்னால் நின்றவன் குனிந்து, முறத்திலிருந்து தானே ஒரு பிடி அள்ளி இரண்டாம் பானையில் போட்டான். லேத் பிடிக்கிற கை, பெரிய கை. இருவருக்கும் சோறு பற்றவில்லை.

அரை வயிற்றோடு ஈரத் தரையில் படுத்துக் கண்ணை மூடினார்கள். கூரை அனலாகக் கொதித்தது.

"உம் பக்கமே வச்சிகினா எப்டிமே?" என்றான் ஜேசுராஜ். "கொஞ்சம் இப்டித் திருப்பு."

அவள் கண்ணைத் திறக்காமலே காலை நீட்டித் திருப்பிவிட்டாள்.