பின்சீட்டின் எடை

அன்று ஷோரூமில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, எங்களைக் காரில் கூட்டி வந்த அவள் தம்பி, என் புகார்களைப் போன வாரமே கேட்டுக் களைத்துப்போயிருந்த விற்பனைப் பெண். பெரியவர் வரவில்லை. அவர் வீட்டுக் கொட்டகையில் இருந்தார்.

பெரியவர் என்பது எங்கள் பழைய மோட்டார் சைக்கிள். சோபா மாதிரி நீளமான சீட், இரண்டு பக்கமும் தகரப் பெட்டிகள், தொட்டதும் கிளம்பும் குணம். கல்யாணமான வருடம் வாங்கியது. லீவு கிடைத்தால் நானும் அவளும் அதில் ஏறி, சாலை முடிகிற இடம்வரை போய்த் திரும்புவோம். கடைசிப் பயணத்தில் அவருடைய சட்டத்தில் விரிசல் விட்டது. மெக்கானிக் பற்றவைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே, கடைத்தெருவுக்குப் போகலாம், மலையேறினால் உங்கள் இரண்டு பேரையும் இரண்டு இடத்தில் பொறுக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார்.

ஆகவே புது வண்டி. இதில் எனக்குப் பயமோ குழப்பமோ இல்லை. இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவன்தான். ஆனால் வண்டியைப் பற்றி யாரும் எனக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பார்சல் கிடங்கில் இரவு வேலை முடிந்ததும் அதே சட்டையோடு ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினேன். ஒன்றும் தேறவில்லை. எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. மேட்டில் பின்பக்கம் துள்ளியது. வளைவில் முன்பக்கம் முந்திரிக்கொட்டை மாதிரி முந்தியது. பிரேக் பிடித்து நிற்கும்போது வரவேண்டிய ஏதோ ஒன்று வரவில்லை. அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இப்போது வருகிற வண்டிகளே உயிரில்லாதவை என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவள். நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, முதல்ல போட்டதா, இப்ப போட்டதா, எது தெளிவு என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அப்படிப்பட்டவள் புது வண்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று அவள் முதலில் உள்ளே போனதும் மைத்துனன் என்னை வாசலில் நிறுத்தி விஷயத்தைப் போட்டு உடைத்தான். பயணத்துக்குப் போடுகிற கோட்டை அக்கா அவன் மனைவிக்குக் கொடுத்துவிட்டாளாம். இனிமேல் எனக்கெதற்கு என்றாளாம்.

அவள் வராவிட்டால் எனக்கு வண்டியே வேண்டாம். அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம்தான் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. உள்ளே போய், சாம்பல் நிற வண்டி ஒன்றை எடுத்துத் தெருவைச் சுற்றி வந்தேன். அதே துள்ளல். அதையே சொன்னேன்.

"ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல். பேசாம என் பழைய காரை எடுத்துக்குங்க மாமா," என்றான் மைத்துனன்.

விற்பனைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "சார், உங்க பழைய வண்டிய தனியா ஓட்டினா எப்படி இருக்கும்? அதைச் சொல்லுங்க, அதுக்குத் தோதா ஸ்பிரிங்கை மாத்தித் தரச் சொல்றேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"அவரு அதைத் தனியா ஓட்டினதே இல்லம்மா," என்றாள் மனைவி.

உண்மைதான். வேலைக்கு நான் பேருந்தில் போவேன். அவள் ஏறாமல் பெரியவர் வாசல் தாண்டக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பெட்ரோல் போடக்கூட இரண்டு பேரும்தான் போவோம். பின்னால் ஆள் இல்லாத வண்டி எப்படி ஓடும் என்பதே எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் ஊரிலுள்ள அத்தனை வண்டியையும் திட்டித் தீர்த்திருந்தேன்.

"வந்து ஏறு," என்றேன்.

"எதுக்கு? உங்களுக்குப் பாக்குற வண்டி."

"நமக்கு."

"நமக்கா? இத்தனை நாள்ல என்னை ஒரு தடவை உக்காந்து பாக்கச் சொன்னீங்களா? போன வாரம் படம் காட்டினீங்களே, அதுல பின்சீட்டுல பூனைகூட உக்கார முடியாது. சரி, இனிமே தனியாப் போகத்தான் பாக்குறாருன்னு நினைச்சேன்."

"எனக்கு மூளை இருக்குற இடத்துல கிளட்ச் ஒயர்தான் இருக்கு. ஏறு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். கண் பலகையின் கடைசி வரி படிக்க முடிகிறதா என்று பார்ப்பதுபோல. விற்பனைப் பெண் இன்னொரு ஹெல்மெட்டை நீட்டினாள். வாங்கி மாட்டிக்கொண்டாள்.

அவள் ஏறியதும் வண்டி ஒருமுறை தாழ்ந்து, பிறகு அசையாமல் நின்றது. மேட்டில் துள்ளவில்லை. வளைவில் நான் நினைத்த கோட்டிலேயே போனது. சிக்னலில் பிரேக் பிடித்தேன். அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் வந்து டொக்கென்று முட்டியது. இத்தனை வாரமாக வராமல் இருந்தது அதுதான்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "முதல்ல போனதா, இப்ப போனதா?"

"இப்ப."

"கால் வைக்கிற கம்பிதான் ஒசரம். முட்டி வலிக்கும். எறக்கித் தரச் சொல்லுங்க."

கம்பியை இறக்கிக் கொடுத்தார்கள். கோட்டைத் திரும்ப வாங்கியதில் மைத்துனன் மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம். பெரியவரைக் கடைத்தெருவுக்கு ஓட்டிக்கொள்ள மைத்துனனுக்கு அனுமதி கொடுத்தோம், பின்னால் ஆள் ஏற்றித்தான் ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

நாங்கள் கிளம்பிய அன்று வீட்டைப் பார்த்துக்கொள்ள அவன்தான் வந்தான். வாசலில் நின்று நான் பெட்டிகளை இரண்டாம் முறை இழுத்துப் பார்ப்பதைச் சகிக்காமல், "போறதுன்னா போங்க மாமா, தூக்கம் வருது," என்றான். மனைவி ஏறி என் வலது தோளைத் தட்டினாள். வலப்பக்கம் திரும்பு என்று அர்த்தம். வண்டி தெருவில் இறங்குவதற்குள் எங்களுக்குப் பின்னால் கதவைச் சாத்தி உள்ளே பூட்டிக்கொண்டான்.