கூச்சக்கோழியும் ஓர் அண்ணாவும்

கௌசிக்கு வெட்கம் வந்தால் முகம் சிவக்காது, கை பென்சிலைத் தேடும். மற்றவர்கள் அவமானப்பட்டால் இரண்டு நாள் போர்வைக்குள் கிடப்பார்கள். அவள் நாலு கட்டம் போட்டு வரைந்து இன்ஸ்டகிராமில் ஏற்றிவிடுவாள். பஸ் தரிப்பில் யாரோ யாருக்கோ காட்டிய கைக்குத் தானும் கைகாட்டிவிட்டு, அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்து சமாளித்தது ஒரு கதை. பக்கத்து வீட்டு அங்கிளிடம் இருந்து தப்ப, வராத போனைக் காதில் வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தபோது போன் உண்மையாகவே அடித்தது இன்னொரு கதை. எல்லாம் ஒரு மெலிந்த கோழிக்கு நடந்ததாக வரும். அதன் பெயர் கூச்சக்கோழி. ரொறன்ரோவின் தமிழ் இளசுகளில் பாதிப்பேர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், தங்களைத்தான் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்தே சிரித்தார்கள். வரைவது யார் என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. அவளுடைய அம்மா புனிதவதிக்கும் தெரியாது.

மார்க்கம் நகரில் அவளுடைய அலுவலகத்திலேயே வேலை செய்பவன் திலக்சன். வீடு ஒஷாவாவில். வேலை முடிந்து அவளைக் காரில் ஏற்றி, வெக்ஸ்போர்ட்டில் அவளுடைய வீட்டடியில் இறக்கிவிடுவது தனக்கு வழிதான் என்று சொல்லுவான். கிழக்கே போகவேண்டியவன் தெற்கே வந்து திரும்புவது எந்த ஊர் வழி என்று அவளும் கேட்கவில்லை. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. நன்றாகவே பிடித்திருந்தது.

மாசிமாதப் பனியில் ஒருநாள், கட்டடத்து வாசலில் மரக்கறிப் பைகளோடு நின்ற அம்மா அவனைக் கண்டுவிட்டார்.

“ஆர் பிள்ளை உது?”

“வேலையிலை இருக்கிற... அண்ணா அம்மா.”

சிநேகிதன் என்றால் அம்மாவின் புருவம் எவ்வளவு உயரும் என்று கௌசியின் வாய்க்குத் தெரியும். மூளையைக் கேட்காமல் தானே முடிவெடுத்துவிட்டது. நம்முடைய சனத்திடம் ஒருவனை ஒருமுறை அண்ணா என்று காட்டிவிட்டால் பிறகு அவனுக்கு மீட்சி கிடையாது. புனிதவதிக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கவேண்டும்! அடுத்த நிமிடமே அவனை மேலே கூட்டிப்போய் இடியப்பமும் சொதியும் போட்டார். திலக்சன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். அன்றுமுதல் அந்த வீட்டில் அவன் அண்ணாதான்.

இதை வரைவதா வேண்டாமா என்று கௌசி பல நாள் தவித்தாள். மனசு கேட்கவில்லை, வரைந்து போட்டுவிட்டாள். கோழி ஒரு சேவலை அண்ணா என்கிறது, நாலாவது கட்டத்தில் சேவல் காலிரண்டையும் மேலே தூக்கியபடி கிடக்கிறது.

அடுத்தநாள் மதியச் சாப்பாட்டின்போது திலக்சன் போனை நீட்டினான்.

“உதைப் பாத்தனீங்களா கௌசி? எனக்கு நடந்த மாதிரியே கிடக்கு.” சிரிக்கத்தான் பார்த்தான். “ஆனா அந்தக் கோழியின்ரை மனசிலை என்ன இருக்கெண்டு வரையேல்லை. சேவலை உண்மையாவே அண்ணாவாத்தான் நினைச்சுதோ, இல்லாட்டி வாய் தவறிச் சொன்னதோ? அது தெரியாமல் அந்தச் சேவல் எப்பிடி நித்திரை கொள்ளும்?”

வரைந்தவளே எதிரில் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை வரமாட்டேன் என்றது.

“சோறு ஆறப்போகுது, சாப்பிடுங்கோ” என்றாள் கௌசி. தன்னைத்தானே அடிக்கவேண்டும் போல இருந்தது.

அன்று பின்னேரம் அம்மா அவனை மேலே வரச் சொல்லியிருந்தார். தேத்தண்ணியும் வடையும் மேசைக்கு வந்தன. பிறகு புனிதவதி தன்னுடைய போனில் ஒரு படத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

“தம்பி, நீர் இவளுக்கு அண்ணன் மாதிரி. அதுதான் உரிமையோடை கேக்கிறன். ஒரு சம்மந்தம் வந்திருக்கு. பொடியன் பிரம்டனிலை இருக்கிறான், பாங்கிலை வேலையாம். குடிவெறி ஏதும் இருக்கோ, நல்ல பொடியனோ எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லும். இவளுக்குக் கூடப்பிறந்த ஆம்பிளைப் பிள்ளை இருந்தால் நான் ஏன் உம்மைக் கரைச்சல்படுத்துறன்?”

வீட்டுக்கு அண்ணன் என்று ஒருவன் இருந்தால் இது அவனுடைய வேலைதான். திலக்சன் படத்தைப் பார்த்தான். 

“ஓம் அன்ரி... விசாரிக்கிறன்.”

மரியாதை ஒரு மனிசனை எந்தப் பள்ளம் கிடங்கிலெல்லாம் தள்ளிவிடுகிறது! கௌசியின் கை பழக்கதோசத்தில் பென்சிலைத் தேடியது. அருமையான நாலு கட்டம். ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். இவன் மட்டும் அந்தப் பிரம்டன்காரனை ஒழுங்காக விசாரித்துச் சொல்லிவிட்டு, இனி நேராக ஒஷாவாவுக்குப் போய்விடுவான். அதை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

“அந்தக் கோழி நான்தான்” என்றாள்.

“என்ன கோழி?” என்றார் அம்மா.

கௌசி அம்மாவைப் பார்க்கவில்லை, திலக்சனைப் பார்த்தாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

“நான்தான் அதெல்லாம் வரையிறனான். அண்டைக்கு அம்மாவைக் கண்ட பயத்திலை அப்பிடிச் சொல்லிப்போட்டன். நீங்கள் எனக்கு அண்ணா இல்லை. ஒருநாளும் அப்பிடி நினைக்கேல்லை.”

புனிதவதி வடைத் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். திலக்சனின் காதிரண்டும் சிவந்துவிட்டன.  பிறகு எழுந்து, போனை இரண்டு கையாலும் அவரிடம் திருப்பிக் கொடுத்தான்.

“குறை நினைக்காதேங்கோ அன்ரி. உந்தப் பொடியனை நான் விசாரிக்கமாட்டன்.”

“ஏன் தம்பி?”

“விசாரிச்சா நல்ல பொடியனா இருந்திடுவானோ எண்டு பயமாக் கிடக்கு.”