பூபதி நிற்கிற வாக்கியம்

ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் வருகிற மாதிரி வாக்கியங்களுக்கு ஆள் அனுப்புவது கரட்டுப்பாளையத்தின் பொறுப்பு. வீட்டுக்கு ஓர் ஆள், மூன்று மாதம். ஆள் இல்லாத வாக்கியத்தை எத்தனை தரம் உருப்போட்டாலும் பிள்ளைகள் மனசில் தங்காது என்பதால் இந்த ஏற்பாடு.

யாரும் இதைப் பெரிய பாரமாக நினைத்ததில்லை. நவமணி கல்யாணமாகி வந்த வருஷம் 'ஷி டிரிங்க்ஸ் மில்க்' என்பதில் இருந்தாள். மூன்று மாதம் வேளை தவறாமல் பால் குடித்து, கன்னத்தில் சதை வைத்துத் திரும்பினாள். மேலவீட்டு லாரி டிரைவர் சென்னியப்பன் 'ஹி ஈஸ் எ ஃபார்மர்' என்பதில் போய், ஒரு வெள்ளாமை வெங்காயம் எடுத்துக் கொடுத்துவிட்டு, வந்து மறுபடியும் லாரி ஏறினார். நாள் முடிந்தால் வாக்கிய ஆபீசில் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள்.

இந்த வருஷம் பாடம் மாறியது. கேள்வி வாக்கியங்கள் வந்து இறங்கின. முன்னால் ஒரு 'ஃபார்', இல்லையென்றால் ஒரு 'ஆன்'. அதை ஒட்டிக்கொண்டு ஒரு 'வாட்' அல்லது 'ஹூம்'. அதன் முதுகில் ஒரு 'ஷுட்' அல்லது 'மஸ்ட்'. கேள்விக்கு மூன்று மாதக் கெடு செல்லாது. பதில் கிடைக்கிறவரை ஆள் அதிலேயே இருக்க வேண்டும்.

பொருளைக் கேட்கிற கேள்வி விழுந்தவர்கள் பிழைத்தார்கள். 'ஆன் வாட் ஷுட் ஷி சிட்?', அதாவது எதன்மேல் அவள் உட்கார வேண்டும் என்ற வாக்கியத்துக்குப் போன பக்கத்து வீட்டு ருக்குமணி, கையோடு ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். உட்கார்ந்து காட்டிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு வந்துவிட்டாள்.

நவமணியின் புருஷன் பூபதிக்கு விழுந்தது 'ஃபார் ஹூம் மஸ்ட் ஹி வெயிட்?' யாருக்காக அவன் காத்திருக்க வேண்டும்?

ஊருக்கு வெளியே பஸ் நிற்கிற இடத்தில், மைல்கல்லுக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தினார்கள். 'மே' என்று இருந்திருந்தால் பொழுதோடு வீட்டுக்கு வந்து, விடிந்ததும் போய் நின்றுகொள்ளலாம். 'கேன்' என்றால் உடம்புக்கு முடிகிற நாளில் மட்டும் போனால் போதும். 'மஸ்ட்' என்பதால் உட்காரக்கூட வழியில்லை. பூபதி நின்றபடியே தூங்கப் பழகிக்கொண்டான்.

நவமணி தினமும் நாலு வயசு மகள் இனியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு கொண்டுபோனாள்.

"கால் வலிக்குதுங்களா மாமா?"

"வலிச்சுது. இப்ப கால் இருக்கறதே தெரியல."

"உங்கப்பா எங்கேன்னு யாராச்சும் கேட்டா, எங்கப்பா பஸ் ஸ்டாப்புங்கறா உங்க மக."

"பஸ் ஸ்டாப்புல நிக்கறேன்னு சொல்றாளா?"

"இல்லீங். பஸ் ஸ்டாப்பேதான்னு சொல்றா. டிரைவரும் உங்களைப் பார்த்துத்தானுங்களே பிரேக் போடறாரு."

பூபதி சிரித்தான். சிரிப்பதற்கு 'மஸ்ட்' தடை சொல்லவில்லை.

நாலாவது மாதம் பிறந்ததும் நவமணி வாக்கிய ஆபீசுக்குப் போனாள். பள்ளிக்கூடத்தில் எட்டு வரைக்கும் படித்தவள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல இவ்வளவு போதும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே அருள்செல்வி மேடம் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"பதில் கொண்டு வந்திருக்கீங்களா?"

"கொண்டாந்திருக்கறனுங். எனக்காகத்தான் நிக்கறாரு."

மேடம் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "நீங்க தினம் சோறு கொண்டுபோறீங்களே."

"ஆமாங்."

"அப்ப தினம் வந்துட்டுதானே இருக்கீங்க. வந்துட்டிருக்கிற ஆளுக்காக யாராவது காத்திருப்பாங்களா?"

நவமணி யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது.

"அப்ப நான் வராம இருந்தனுங்கன்னா?"

"இருந்தா சரியா வரும். நூறு நாள் வராம இருக்கணும். குழந்தையும் போகக்கூடாது. ஏன் வரலைன்னு அவருக்குத் தெரியவும் கூடாது. தெரிஞ்சுட்டா அது காத்திருக்கறது இல்லம்மா, நாள் எண்றது."

நவமணி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாளிலிருந்து சோற்றை ருக்குமணி கொண்டுபோனாள். போகும்போது வாய் சும்மா இருக்காது. "என் கேள்வியும் முக்காலியைக் கேக்காம ஆளைக் கேட்டிருந்தா நானும் இப்படித்தான் அல்லாடியிருப்பேன்" என்பாள். திரும்பி வந்து பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வாள்.

முதல் வாரம்: "உனக்கு உடம்புக்கு என்னன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"எனக்கென்ன தெரியும்னேன்."

ஒரு மாதம் கழித்து: "உங்கம்மா வீட்டுக்குப் போயிட்டியான்னு கேட்டாரு. கோவமான்னு கேட்டாரு."

அன்றைக்கு நவமணி வீட்டை இரண்டு தடவை கூட்டினாள். இரண்டாவது தடவை அள்ளுவதற்குக் குப்பையே இல்லை. அப்பாவைப் பார்க்கணும் என்று இனியா கேட்டதற்கு, "போனா அப்பா வரமாட்டாங்க சாமி, போகாம இருந்தாத்தான் வருவாங்க" என்றாள். குழந்தை அதைச் சரியென்று எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டது. பஸ் ஹாரன் அடிக்கிற நேரமெல்லாம் நவமணி தையல் மிஷினை வேகமாக மிதித்தாள். சட்டைத் துணி தீர்ந்துபோனால் வெறும் ஊசியை ஓட்டினாள்.

அறுபதாம் நாளுக்கு மேல் பூபதி ஒன்றும் கேட்பதில்லை என்று ருக்குமணி சொன்னாள். ஒவ்வொரு பஸ்ஸும் வந்து நிற்கும்போது படிக்கட்டை மட்டும் பார்க்கிறானாம். கடைசி ஆள் இறங்கின பிறகும் கொஞ்ச நேரம் பார்க்கிறானாம்.

"மூஞ்சி எப்படி இருக்குதுக்கா?"

"மூஞ்சிக்கென்ன, ஒறம்பரை விருந்து வர்ற வீடாட்டந்தான் இருக்குது. சோத்தைத்தான் தொடறதில்ல."

ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் என்ன என்று நவமணி செருப்பை மாட்டினாள். சொன்னால் அறுபது நாளும் வீண், மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். செருப்பைக் கழற்றி, அதைக் கழுவி, வெயிலில் காய வைத்தாள்.

நூறு நாளும் முடிந்த மறுநாள் சாயந்திரம் தலைவாரிப் பூ வைத்து, இனியாவுக்குப் புதுக் கவுன் போட்டு, ஆபீசுக்குப் போய் அருள்செல்வி மேடத்தையும் அழைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போனாள். மேடம் முத்திரையை மையில் ஒற்றித் தயாராக வைத்துக்கொண்டார்.

பூபதி பாதியாக இளைத்திருந்தான். நவமணி அவனுக்கு நேர் எதிரில் போய் நின்றாள். அவன் அவளுடைய தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்தான்.

"மாமா, நான்தானுங்."

"தெரியுது அம்மிணி. சித்த தள்ளி நில்லு. ரோடு மறைக்குது."

"நான் வந்துட்டனுங்."

"வந்துட்டே. பாப்பாகூட வளந்துட்டா." அவன் குரல் இதமாகத்தான் இருந்தது. "ஆனா நான் நிக்கறது வராம இருக்கறவளுக்காக. அவ இன்னும் வரல."

நவமணி மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் சொல்றது சரிதாம்மா," என்றார் மேடம். "நூறு நாளும் அவர் காத்திருந்தது அவங்களுக்குத்தானே. உங்களுக்கு இல்லையே."

நவமணி தள்ளி நின்றாள். வேறு எங்கே போவது என்று தெரியாததால் அங்கேயே நின்றாள்.

ஐந்து பத்துக்கு வருகிற பஸ் வந்தது. முன்படியில் நாலு பேர் இறங்கினார்கள். கடைசியாக நவமணி இறங்கினாள். நூறு நாள் வராமல் இருந்தவள். புடவை கசங்கி, கால்களில் வெளியூர்ப் புழுதியோடு, கையில் ஒரு மஞ்சப் பை வைத்திருந்தாள்.

"நேரமாயிருச்சுங்களா மாமா?"

"இல்ல. நானும் இப்பத்தான் வந்தேன்," என்றான் பூபதி. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு கால் எடுத்து வைத்தான். விழப்போனவனை அவள் தாங்கிக்கொண்டாள்.

மேடம் பதில் என்று அச்சிட்டிருந்த கட்டத்தில் ஏதோ எழுதி முத்திரையைக் குத்தினார். வாக்கியம் முடிந்தது.

இனியா இரண்டு அம்மாக்களையும் பார்த்தாள். அப்பா யார் கையைப் பிடித்திருந்தாரோ அவளுடைய இன்னொரு கையைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

நவமணி இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியை எடுத்து, பஸ்ஸில் வந்தவளிடம் கொடுத்தாள். "ரசத்துக்கு மொளகு தட்டிப் போடாத. பாப்பாவுக்கு ஆகாது. தலை சீவறப்ப வலப்பக்கம் சிக்கு விழும், வெடுக்குனு இழுத்தா அழுவா."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

"அவருக்கு ரெண்டு நாளைக்குக் கஞ்சி மட்டும் குடு."

"சரி."

மூவரும் ஊர்ப்பக்கம் நடந்தார்கள். பூபதிக்கு நடை இன்னும் பிடிபடவில்லை. அதனால் அவர்கள் கண்ணிலிருந்து மறைவதற்கு நெடுநேரம் ஆனது. பஸ் அதுவரை நின்றுகொண்டே இருந்தது.

"ஏறுங்கம்மா," என்றார் கண்டக்டர்.

நவமணி ஏறினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை நீட்டினாள்.

"உள்ள வைங்கம்மா. வராதவங்களுக்கு டிக்கெட் கிடையாது."

அவள் சில்லறையை மறுபடி முடிந்துகொண்டு, ஜன்னலோரத்தில் காலியாக இருந்த ஒரே சீட்டில் உட்கார்ந்தாள். அது இன்னும் சூடாக இருந்தது.